சேதம் விளைக்காத பிழை

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் தேதி பிற்பகலில், பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மாவி என்னும் தீவின் கஹுலுயி விமான நிலையத்திலிருந்து, கனமழை பெய்துகொண்டிருந்த வேளையில், யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 777 விமானம் ஒன்று 271 பிரயாணிகளையும் 10 சிப்பந்திகளையும் ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ நகரத்தை நோக்கிக் கிளம்பியது. கிளம்பி ஓரிரு நிமிஷங்களுக்குள், சுமார் 2,100 அடி உயரம் எட்டியிருந்த அந்த விமானம், இடையறாது ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டியதற்கு மாறாக, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கடலை நோக்கி இறங்கலாயிற்று. நீர்மட்டத்துக்கு மேலே 748 அடி வரையில் வந்த பிறகுதான் அது நிமிர்ந்தது. பிறகு ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறி, கடக்க வேண்டிய கடலைக் கடந்து, சேர வேண்டிய ஊருக்குச் சேர்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை, விமானத்துக்கும் பழுதில்லை.

நிகழ்ந்தது என்ன என்பதை அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் விசாரித்து வெளியிட்டது. கிளம்பும்போது இறக்கைகளிலிருந்து நீட்டிவிடப்படும் ஃப்ளாப் என்னும் மடல்களை, வேகம் கூடக்கூடப் படிப்படியாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் உண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் மீறலாகாத வேகம் ஒன்று உண்டு. 20 என்ற படியில் கிளம்பிய அந்த விமானத்தில், தலைமை விமானி ‘ஃபைவ்’ என்று சொன்னது துணை விமானியின் செவியில் ‘ஃபிஃப்டீன்’ என்று விழுந்தது. மடல் 15-இல் நிற்கிறபோது பொறுக்கக்கூடிய வேகம் 5-இல் பொறுப்பதைவிடக் குறைவு. ஆகையால், வேகம் எதிர்பாராத விதமாக வரம்பை நெருங்குவதைக் கண்ட தலைமை விமானி இயந்திரங்களின் விசையைக் குறைத்தார். மடலையும் வேகத்தையும் பற்றிய கவலையில் இருவருடைய சித்தமும் ஆழ்ந்திருந்த அந்தச் சிறு இடைவெளியில், வெளியே மேகமும் மழையும் கடலை மறைத்திருக்க, விமானம் தன் பாட்டில் தாழ்ந்துகொண்டிருந்தது. தரை நெருங்குவதை உணர்த்தும் கருவி கூவிய பிறகே அவர்கள் விழித்துக்கொண்டார்கள். முழு விசையையும் கொடுத்து மேலே இழுத்தார்கள். இவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர்; இருவருக்கும் சேர்த்துச் சுமார் 25,000 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தது.

இந்தச் சம்பவத்தை இயந்திர சாஸ்திரம் ஒரு விதமாக ஆராயும். சட்டம் வேறொரு விதமாக ஆராயும். நான் இதைச் சமயத்தின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். எண்ணிச் செய்யாததும், எவருக்கும் எள்ளளவு தீங்கும் விளைக்காததுமான ஒரு பிழைக்காக, அதைச் செய்தவன் எதையேனும் கடன்பட்டிருக்கிறானா? கடன்பட்டிருக்கிறான் என்றால், அந்தக் கடன் யாருக்கு?

ஆகாயத்தில் பாதை போட்டு வைக்கவில்லை. ஆயினும் அங்கே ஒழுங்கு இருக்கிறது. விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பெரும்பாலும் ஆயிரம் அடி இடைவெளி விட்டு, தத்தமக்கு இடப்பட்ட உயரத்தில் செல்கின்றன. கட்டுப்பாட்டு நிலையத்தார் ஓர் உயரத்தைச் சொன்னவுடன், ஒரு விமானி அந்த எண்ணைக் கருவியில் திருகி வைத்து, விரலால் அதைத் தொட்டுக் காட்டி வாய்விட்டுச் சொல்வதும், மற்றவர் தாமும் அதை நோக்கி விரல் நீட்டித் திரும்பச் சொல்வதும் பல நிறுவனங்களில் நியமமாக இருந்து வருகிறது. ஒரு பூஜையில் சங்கற்பம் சொல்வதைப் போன்ற இந்தச் சிறு சடங்கு ஏன் வேண்டியிருக்கிறது என்றால், அந்த எண் வெறும் எண்ணன்று. மேகத்துக்கு அப்பால், முகம் தெரியாத வேறு நூற்றுக்கணக்கானவரைச் சுமந்துகொண்டு வருகிற இன்னொருவனுக்குக் கொடுத்த வாக்கு அது. வாக்குத் தவறினால் வருவதை நம் நாடு அறியும். 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி மாலை, டில்லியிலிருந்து கிளம்பி 14,000 அடிக்கு ஏறிய சவூதி விமானமும், டில்லியில் இறங்குவதற்காக 15,000 அடியில் நிற்க வேண்டியிருந்தும் அதை விட்டுக் கீழே வந்துவிட்ட கஜகஸ்தான் விமானமும், ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே மோதி, 349 பேரும் மாண்டார்கள். உயரம் தவறிய விமானத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, தவறாமல் தன் உயரத்தில் நின்ற விமானத்தில் இருந்தவர்களும் மாண்டார்கள் என்பதை நான் எண்ணாத நாளில்லை.

நம் முன்னோர் இத்தகைய பிழையைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள். சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் திருவாரூரின் சிறப்பைச் சொல்லப் புகுந்தபோது, மனுநீதிச் சோழனின் வரலாற்றை வைத்தார். அரசகுமாரன் தன் தேரைக் கன்றின்மேல் எண்ணி ஏற்றவில்லை. கன்று தானே துள்ளி வந்து தேர்ச்சக்கரத்தின் இடையே விழுந்தது. குமாரன் மனம் பதைத்துப் பிராயச்சித்தம் தேடிப் போகிறான். அமைச்சர்களும் சாஸ்திரத்தில் விதித்த பரிகாரம் போதும் என்கிறார்கள். அரசனோ, ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்ட தாய்ப்பசு பட்ட துயரத்தைத் தானும் படுவதே நீதி என்று துணிந்து மகன்மேல் தேரைச் செலுத்துகிறான். அந்தக் கருணையின் ஆழத்தையும் அந்த நீதியின் உறுதியையும் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்ததுண்டு: அந்தக் கன்று ஒரு சாண் தள்ளித் துள்ளியிருந்தால்? தேரின் வேகம் அதேதான். குமாரனின் கவனமும் அதேதான். கூட்டம் நிறைந்த வீதியும் அதேதான். கன்று பிழைத்திருக்கும், பசு மணியை அசைத்திராது, குமாரன் அரண்மனைக்குத் திரும்பி உணவருந்தியிருப்பான். அன்று தப்பிய கன்றுக்கு ஈடாக மறுநாள் வேறொரு கன்று அகப்பட்டிருக்கலாம். ஆராய்ச்சி மணியின் கயிறு அடிபட்டவர் கைக்கு எட்டுமாறு தொங்கியது. அடிக்க இருந்தவன் கைக்கு எட்டுமாறு ஒரு கயிறு அங்கே இல்லை.

இதே விஷயத்தைப் பற்றி நாலந்தாவில் ஒரு பெரிய விவாதம் நடந்ததாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. செயல்களுள் உடலால் செய்வதே கொடியது என்பது சமணத் தலைவராகிய நிகண்டநாதரின் கட்சி. மனத்தால் செய்வதே கொடியது என்பது புத்தரின் கட்சி. உபாலி என்னும் செல்வன் முன்னவருக்காக வாதிட வந்து பின்னவரிடம் சரணடைந்தான். புத்தரின் அளவுகோலை எடுத்துக்கொண்டால், கஹுலுயி விமானிகளின் உள்ளத்தில் தீய எண்ணம் ஏதும் இல்லாமையால் வினையும் இல்லை என்று முடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் சமண ஆசாரியர்கள் நுட்பமாக வேறொன்றைக் கண்டார்கள். உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, உயிர் போனதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அஜாக்கிரதையினால் உயிர் போனதைச் சொன்னார். ஆகவே பகை இல்லாமலிருந்தால் மட்டும் போதாது, விழிப்பு இருக்க வேண்டும் என்றாயிற்று. வள்ளுவரும் அரசனுக்கு உரைத்த அறங்களுள் பொச்சாவாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். சமண சாதுக்கள் நடந்து திரும்பியவுடன், வழியில் தம் காலடியில் தாம் அறியாமலே மிதிபட்டிருக்கக்கூடிய சிற்றுயிர்களிடம் மன்னிப்புக் கேட்பதை இன்றளவும் நியமமாகக் கொண்டிருக்கிறார்கள். கண்ணால் கண்ட சேதத்துக்கு வருந்துவது எவருக்கும் இயல்பு. நேர்ந்ததோ நேரவில்லையோ என்று தெரியாத சேதத்துக்கும் தலைகுனிவது எனக்கு மிகப் பெரிய சமய ஞானமாகத் தோன்றுகிறது.

சேதத்தைக் கொண்டு பிழையை அளக்கக்கூடாது என்பதற்கு, அமெரிக்க ஆகாய சரித்திரத்திலேயே மறக்கவொண்ணாத ஓர் அத்தாட்சி இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வாஷிங்டனை அடுத்த டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் விமானம், வர்ஜீனியாவிலுள்ள மவுண்ட் வெதர் என்னும் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்கு பாதையை அணுகலாம் என்று கட்டுப்பாட்டு நிலையத்தார் அனுமதி கொடுத்தபோது, இனி 1,800 அடிக்கு இறங்கிவிடலாம், வழியில் தடை இருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று விமானிகள் எண்ணினார்கள். எந்த இடத்தில் எவ்வளவு இறங்குவது என்பதை விமானியே வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வார் என்று நிலையத்தார் எண்ணினார்கள். இரு தரப்பும் நல்ல எண்ணத்தோடு, தத்தமக்குத் தெரிந்த விதியின்படி நடந்துகொண்டன. நடுவில் மலை இருந்தது. விசாரணையில் வெளிவந்த செய்தி இதனினும் துயரமானது: ஆறு வாரங்களுக்கு முன்னால், அதே இடத்தில், அதே அனுமதியை அதே விதமாகப் புரிந்துகொண்டு இறங்கிய யுனைடெட் விமானம் ஒன்று அதே மலையிலிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறது. அதன் விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளுக்குச் சொல்லி எச்சரித்தது. அதற்கு அப்பால் அந்தச் செய்தி செல்லவில்லை. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அதைச் சொல்வார் ஒருவரும் இல்லை.

இரண்டு விமானங்களிலும் இருந்த பிழை ஒன்றே. ஒன்றில் இருந்தவர்கள் வீடு சேர்ந்தார்கள், மற்றதில் இருந்தவர்கள் சேரவில்லை. முதல் விமானத்தாருக்குப் பாபமில்லை, இரண்டாமவருக்கே பாபம் என்று சொல்ல என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அப்படிச் சொன்னால் மேகத்தையும் காற்றையும் நீதிபதி ஸ்தானத்தில் அமர்த்தினவர்கள் ஆவோம். தப்பினவர் பெற்றது கிருபை. கிருபை பெற்றவனுக்குக் கடன் உண்டு என்பது பக்தி மார்க்கத்தில் வந்த எவரும் அறிந்ததே. அந்தக் கடன் பின்னால் அதே வழியில் வருகிறவனுக்கு உரியது. அதை வாய்திறந்து சொல்வது ஒன்றினால்தான் தீர்க்க முடியும்.

இந்த உண்மையை 92 உயிர்களைக் கொடுத்து உணர்ந்த அமெரிக்கர்கள் அதற்கு ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். முதலில் 1975-இல், விமானப் போக்குவரத்தை ஆளும் அரசாங்க நிர்வாகமே, பிழைகளை எங்களிடம் சொல்லுங்கள், தண்டிக்கமாட்டோம் என்று அழைத்தது. அபராதம் விதிப்பதும் உரிமத்தைப் பறிப்பதும் அதே கையாக இருந்தமையால் நம்பிச் சொல்வதற்கு விமானிகள் தயங்கினார்கள். பிறகு, தண்டிக்கும் அதிகாரம் சிறிதும் இல்லாத நாசா நிறுவனத்திடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு, 1976 ஏப்ரலில் வேலை தொடங்கியது. பிழை செய்த விமானி நடந்ததை எழுதி அனுப்புகிறார். படிவத்தின் ஒரு துண்டில் அவர் பெயரும் விலாசமும் இருக்கும். படிப்பவர்களும் பெரும்பாலும் அனுபவம் முதிர்ந்த விமானிகள், கட்டுப்பாட்டாளர்கள். சந்தேகம் இருந்தால் அவரை அழைத்துக் கேட்பார்கள். கேட்டு முடிந்ததும், பெயருள்ள அந்தத் துண்டைத் தேதி முத்திரையிட்டு அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிழை அங்கே தங்கிவிடும், பெயர் போய்விடும். அதன்பின் அந்தப் பிழை, ஊரும் பெயரும் நீங்கி, நாட்டிலுள்ள விமானிகள் அனைவரும் படித்துக்கொள்ளும் பாடமாகிறது. இவ்வாறு வந்து குவிந்த லட்சக்கணக்கான கடிதங்களில், இடப்பட்ட உயரத்தைத் தவறியதைப் பற்றியவை மிகுதி. 10,000 அடியையும் 11,000 அடியையும் ஒன்றுக்கு மற்றொன்றாகக் கேட்டுவிடுவதே அடிக்கடி நேர்கிறது என்பதும் இந்தக் கடிதங்களால்தான் தெரிய வந்தது. பிழை செய்தவன் கைக்கு எட்டுமாறு கடைசியில் ஒரு கயிறு தொங்கவிடப்பட்டது.

இது ஒரு புதுமை என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் பௌத்த சங்கத்தில் ஒவ்வொரு பௌர்ணமியும் அமாவாசையும் பிக்ஷுக்கள் கூடி விதிகளை ஓதுவதும், ஓதுவதற்குமுன் தத்தம் குற்றத்தைச் சக பிக்ஷுவிடம் வெளியிட்டுத் தூய்மை பெறுவதும் வழக்கமாக இருந்தன. மழைக்காலத் தங்கல் முடிகிற நாளில், என்னிடம் நீங்கள் கண்டதோ கேட்டதோ சந்தேகித்ததோ இருந்தால் சொல்லுங்கள் என்று வயது முதிர்ந்த தேரரும் இளையவர் முன்னால் கேட்டுக்கொள்வார். இன்னும் ஒன்று: ஒரு விதி ஏற்படக் காரணமாக முதன்முதலில் தவறினவருக்கு அந்த விதியின்படி குற்றமில்லை என்று பிக்ஷுக்களின் ஒழுக்க நூலாகிய வினயம் தீர்ப்பளிக்கிறது. அவர் தவறியதனால்தான் மற்றவர்களுக்கு விதி கிடைத்தது.

தண்டனைக்குத் தப்புவதற்காகச் சொல்லும் உண்மை பச்சாத்தாபம் ஆகுமா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும், ஆட்சேபம் வலுவானதுதான். பத்து நாளுக்குள் எழுதியனுப்பினால், பிழை பதிவாகலாமே தவிர அபராதமும் உரிமப் பறிப்பும் இல்லை என்று வாக்களித்திருக்கும்போது, எழுதுகிறவன் உள்ளம் உருகித்தான் எழுதுகிறான் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது, சொல்ல வேண்டியதும் இல்லை. தன்னை நாடி வருகிற பக்தர்களை நால்வகையாகப் பிரித்த கீதாசாரியன், துன்பத்தால் வந்தவனையும் பொருள் வேண்டி வந்தவனையும் ஞானியோடு ஒருங்கே எண்ணி, எல்லாரும் உயர்ந்தவர்களே என்று ஏற்றுக்கொண்டான். பயத்தினால் சொன்ன உண்மையும் உண்மையே. அதைப் படித்துத் தன் விரலை ஒரு முறைக்கு இரு முறை அந்த எண்ணின்மேல் வைக்கிற விமானிக்கு, அது எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்பதால் ஒரு குறையும் இல்லை. தவிரவும் அந்த மன்னிப்பு வரம்பில்லாதது அன்று. வேண்டுமென்று செய்ததற்கு அது கிடையாது. குற்றச் செயலுக்குக் கிடையாது. விபத்தாக முடிந்ததற்குக் கிடையாது. இந்த மூன்றாவது விலக்கில், சேதத்தைக் கொண்டு பிழையை அளக்கும் பழைய வழக்கம் சற்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறேன். ஆனால் இறந்தவர்களின் உறவினர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய ஓர் அரசாங்கம் வேறு விதமாகச் செய்திருக்க முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

கஹுலுயி விமானிகளும் சொன்னார்கள். இதைப் போன்றே விமான நிறுவனமும் அரசாங்க நிர்வாகமும் சேர்ந்து நடத்துகிற தன்னிச்சையான அறிவிப்பு முறையின்படி அவர்கள் நடந்ததைத் தெரிவித்தார்கள். மேற்கொண்டு பயிற்சியும் பெற்றார்கள். இவர்கள் சொன்னதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை இன்னொரு விஷயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விமானி அறையில் பேசுவதைப் பதிவு செய்யும் கருவி அப்போது இரண்டு மணி நேரத்துக்கே நினைவு வைத்திருக்கும். அதற்கு முந்தியதன் மேல் பிந்தியது பதிந்துவிடும். பல மணி நேரம் பறந்து சான் பிரான்சிஸ்கோ சேர்வதற்குள், மாவித் தீவின் மழையில் அவர்கள் பேசின பேச்சு அழிந்துபோயிற்று. வேகமும் உயரமும் மற்றக் கருவிகளில் இருந்தன. ஆனால் ஐந்து என்று ஒருவர் சொன்னதும் பதினைந்து என்று மற்றவர் கேட்டதும் அந்த இருவருடைய வாய்மொழியினால் அன்றி உலகத்துக்குத் தெரிய வழியே இல்லை. மறைத்திருந்தால் மறைந்திருக்கும். மறைக்காத அந்த இருவரையும் நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் கடன் அவர்களோடு தீரவில்லை. விசாரிக்க வேண்டிய பாதுகாப்பு வாரியத்துக்கு, இரண்டு மாதம் கழித்து 2023 பிப்ரவரியில் பத்திரிகையில் செய்தி வந்த பிறகே இது தெரிந்தது. வாரியத்துக்கு அறிவித்தே தீர வேண்டும் என்ற சட்டம் இத்தகைய சம்பவத்துக்கு அப்போது இல்லை. பிரயாணிகளுக்கோ, வயிற்றைப் பிசைந்த அந்தச் சில வினாடிகள் எதனால் என்பதைச் செய்தித்தாள்தான் சொல்லிற்று. 1974-இல் ஒரு நிறுவனத்தின் சுவருக்குள் நின்றுபோன எச்சரிக்கையின் கதி எனக்கு இங்கே நினைவு வருகிறது. குற்றவாளியின் பெயரை மறைப்பது தர்மம். குற்றத்தையே மறைப்பது தர்மமாகாது. அச்சத்தைக் கிளப்பக்கூடாது என்ற நல்ல எண்ணம் காரணமாக இருக்கலாம். ஆயினும், காப்பாற்றப்பட்ட மனிதனுக்குத் தான் காப்பாற்றப்பட்டதை அறிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதை அறிந்த அன்று அவன் தன் தெய்வத்தின் முன் நின்று நன்றி சொல்லலாம், பிணக்குற்றிருந்த சகோதரனுக்குக் கடிதம் எழுதலாம், ஒன்றுமே செய்யாமல் தூங்கியும் போகலாம். எதைச் செய்வது என்பது அவனுடைய பாத்தியதை. அந்தத் தருணத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறு எவருக்கும் அதிகாரமில்லை.

2024 மே மாதத்தில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டத்தின்படி, விமானி அறையின் பேச்சுக்களை இனி 25 மணி நேரத்துக்குப் பதிவு செய்து வைக்க வேண்டும். பழைய விமானங்களில் அந்தக் கருவியைப் பொருத்துவதற்குச் சில ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். இதனோடு இன்னும் ஒரு விதியும் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: கடலுக்கோ மலைக்கோ மற்றொரு விமானத்துக்கோ இத்தனை அருகில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும், விமானியின் பெயரைச் சொல்லாமல், நடந்தது இன்னதென்று அந்த விமானத்தில் இருந்த ஒவ்வொரு பிரயாணிக்கும் நிறுவனம் ஒரு மாதத்துக்குள் கடிதம் எழுதித் தெரிவிக்க வேண்டும்.